சாக்குருவி மேல விழுந்த பழி

மெதுவா வாங்க சார். அந்த உடைஞ்ச படியைத் தாண்டிக் காலை வைங்க. செருப்பைக் கீழயே விட்டுடுங்க. கோயில்ங்கிறதுக்காக இல்ல, சத்தம் ஆவக் கூடாதுன்னுதான். பேசுறதா இருந்தாலும் இந்த அளவுக்குத்தான், நான் பேசுறேன் பாருங்க, இந்த அளவு. எனக்கும் முன்னாடி பெரிய தொண்டைதான். மீன்காரன் வூட்டுத் தொண்டை வேற எப்படி இருக்கும்? இந்தப் பறவைங்களுக்காக மாத்திக்கிட்டேன். இப்ப வூட்டுல தும்மினாக்கூட துண்டை வெச்சுப் பொத்திக்கிட்டுத்தான் தும்முறேன். கேக்குறதுக்கு வூட்டுல ஆளு இல்ல, அது வேற விஷயம்.

உக்காருங்க. ஜன்னல் பக்கமா உக்காருங்க, முகத்துவாரம் தெரியும். இன்னைக்குத் தெரியாது, பனி எறங்கிடுச்சு. கேமராவை அவசரமா எடுக்க வேணாம். கூகை ஆந்தை தானா வரும். பிளாஸ்க்குல டீ இருக்கு, குடிங்க.

இந்த மணிக்கூண்டை டச்சுக்காரன் கட்டினான்னு வெளியில போர்டு சொல்லுது. இல்ல, டேனிஷ்காரன்தான்னு ஒரு புரொபசர் வந்து என்கிட்டயே சண்டை போட்டாரு. எங்க ஊர்ல வெள்ளைக்காரன் கட்டினதுன்னு ஒரே வார்த்தையில முடிச்சுக்குவாங்க. சுங்கம் வாங்கக் கட்டினது. கப்பல் கண்ணுல பட்டா மணி அடிப்பானாம். அப்புறம் அவன் போயிட்டான், கப்பலும் போயிட்டுது, மணி மட்டும் எங்க ஊருக்கு மிச்சம். சுங்கமேடுன்னு பேரும் மிச்சம்.

உங்க தலைக்கு மேல போவுது பாருங்க கயிறு, அது மேல இருக்கிற மணியோட நாக்குலேருந்து வருது. அந்தச் சுவத்து ஓட்டை வழியா வெளியில போயி கீழ வரைக்கும் தொங்கும். மார்கழி, தை மாசத்துல பனி கட்டிக்கிட்டா கடல்ல போனவனுக்குக் கரை தெரியாது. அப்ப பொம்பளைங்க வந்து கயித்தை இழுப்பாங்க. ஆம்பள தொடக் கூடாது. யார் வூட்டு ஆம்பள கடல்ல நிக்கிறானோ அந்த வூட்டுப் பொம்பளதான் இழுக்கணும். அவ வூட்டுப் படகு கரை தட்டினதும் கயித்தை அடுத்தவ கையில குடுத்துட்டுப் போயிடுவா. அப்படியே கை மாறிக்கிட்டே வரும். கடைசியா யாரு கையில கயிறு இருக்கோ, அவ ஆளு இன்னும் வரலன்னு அர்த்தம். அவகிட்ட யாரும் பேச மாட்டாங்க. அது எங்க ஊர் முறை.

என் சம்சாரம் தமயந்திக்கு என் பேரைச் சொல்லி கயிறு கெடைச்சதே இல்ல. ஏன்னா நான் கடலுக்குப் போவல. பொறந்தது மீன்காரனாத்தான், ஆனா கடல் எனக்கு ஒத்துக்கல சார். அலையைத் தாண்டுறதுக்குள்ள கொடலு வாய்க்கு வந்துடும். பொண்ணு குடுத்தப்ப மாமனாருக்கு இது தெரியாது. தெரிஞ்சப்புறம் ஊரே எனக்குக் கரைக்காரன்னு பேரு வெச்சுது. என் மச்சான், தமயந்தியோட தம்பி மதியழகன், ஒரு கல்யாணப் பந்தியில எனக்கு எலையில மீன் வெக்கும்போது எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னான்: "மாமா, பாத்துச் சாப்புடுங்க, மீனைப் பாத்தாலே உங்களுக்கு வாந்தி வரும்." பந்தியே சிரிச்சுது. தமயந்தியும் சிரிச்சா. நான் மனசுல வெச்சுக்கல. சும்மா சொல்றேன்.

அப்புறம்தான் இந்த வாச்சர் வேலை கெடைச்சுது. பழைய கட்டடத்துக்குக் காவல், கதவுச் சாவி என் இடுப்புல. வேலைன்னா வேலை, ஆனா யாரு மதிச்சா? ஆடு ஓட்டுறவன்கூட உள்ள கட்டிட்டுப் போவான். ஒரு நாளு டவுன்லேருந்து பறவைச் சங்கத்துக்காரங்க வந்தாங்க. மணிக்கு மேல இருக்கிற மாடத்துல கூகை ஜோடி ஒண்ணு குடியிருக்குன்னு அவங்கதான் கண்டுபிடிச்சாங்க. எத்தனை வருஷமா என் தலைக்கு மேல இருந்துச்சோ, எனக்குத் தெரியல! வெள்ளை மூஞ்சி, இதய வடிவத்துல. ஒரு ராஜா மாதிரி என்னைக் குனிஞ்சு பாத்துது சார். அன்னைக்கு நான் மயங்கிட்டேன், பொய் சொல்லல.

அவங்க எனக்குச் சால்வை போத்துனாங்க. கூகைக் காவலர் நாகூரான்னு பேப்பர்ல படம் வந்துச்சு. நாகூரான்ங்கிறது நாந்தான், தர்காவுக்கு நேந்துக்கிட்டு வெச்ச பேரு. என் பேரை அச்சுல பாத்தது அதுதான் மொதல் தடவை. கரைக்காரன்னு போடல பாருங்க, காவலர்னு போட்டிருந்தான். வெளியூர்லேருந்து உங்களை மாதிரி பெரியவங்க காரு போட்டு வந்து என்னைத் தேடுறாங்க. நாகூரான் சார் இருக்காருங்களான்னு கேக்குறாங்க. இந்த ஊர்ல எவனுக்கு அது கெடைச்சுது சொல்லுங்க.

ஆனா எங்க ஊருக்குக் கூகைன்னா ஆவாது. சாக்குருவின்னுதான் சொல்லும். அது அலறினா வூட்டுல சாவு வுழும்பாங்க. நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். எலியைத் தின்னுட்டு அதும்பாட்டுக்குக் கெடக்குற பறவை, அது எப்படி சார் மனுசனைச் சாவடிக்கும்? காக்கா உக்காரப் பனம்பழம் வுழுந்த கதை. படிச்ச நீங்க சொல்லுங்க, ஆந்தை கத்தி யாராவது செத்திருக்காங்களா? இல்லல்ல? அதைத்தான் நானும் சொல்றேன். அதுக்குத்தான் உங்களை இவ்வளவு நேரம் உக்கார வெச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். ஒரு ஒத்தாசை வேணும், கடைசியா சொல்றேன்.

போன வருஷம் கார்த்திகையில அது முட்டை வெச்சுது. சங்கத்துக்காரர் ஒருத்தர் போனப் போட்டு, பாத்துக்குங்க நாகூரான், கூகைக்குக் காது ரொம்பக் கூர்மை, சத்தம் போட்டா முட்டையை வுட்டுட்டுப் போயிடும்னாரு. அவரு ஊர்வலம், வெடி அதையெல்லாம் நெனைச்சுச் சொன்னாரு. நான்தான் ஒரு படி மேல யோசிச்சேன். அவங்களுக்கு மணி ஞாபகத்துக்கே வரல. மணி அடிச்சா இந்தச் சுவரே நடுங்கும், முட்டை என்னாவும்? தமயந்தியோட பழைய கைத்தறிப் புடவை ஒண்ணு இருந்துச்சு, மஞ்சள்ல பச்சைக் கரை போட்டது. அதை நாலா கிழிச்சு மணி நாக்கைச் சுத்திக் கட்டினேன். ஏணி வெச்சு ஏறி, நல்லா இறுக்கி, வலைக்காரன் போடுற முடிச்சாப் போட்டேன். கடலுக்குப் போவலன்னாலும் முடிச்சு போடத் தெரியும்ல. ஊருக்குச் சொல்லல. சொன்னா சண்டைக்கு வருவாங்க. பனி வந்தா பாத்துக்கலாம்னு இருந்தேன். இப்பதான் எல்லாரு கையிலயும் செல்லு இருக்கே, அதுல வழியெல்லாம் காட்டுதே, மணி எதுக்கு?

தையில குஞ்சு பொரிச்சுது. குக்கர் விசில் வர்றதுக்கு முன்னாடி ஒரு சீறல் வரும் பாருங்க, அந்த மாதிரி ராத்திரி பூரா சீறும். நான் கீழ படுத்துக்கிட்டு அதையே கேட்டுக்கிட்டிருப்பேன். எம் புள்ளை கவியரசன் பொறந்தப்பகூட நான் அப்படி முழிச்சுக் கெடந்ததில்ல.

அந்த வாரத்துலயே ஒரு விடியக்காலை பனி வந்துச்சு. இன்னைக்கு மாதிரிதான், கையை நீட்டினா கை தெரியாது. மதியழகன் நண்டு வலை எடுக்கப் போயிருந்தான், கூட பங்காளி பக்கிரிசாமி. மதி பொண்டாட்டி பவுனு பச்சை உடம்புக்காரி, புள்ளை பெத்து வூட்டுக்குள்ள கெடந்தா. அதனால அவளுக்குப் பதிலா தமயந்தி கயித்துக்கு வந்தா. இழுத்தா. தொம்முனு ஒரு சத்தம். மறுபடி இழுத்தா, தொம். கதவாண்ட வந்து, "என்னங்க, மணி அடிக்கல, என்னன்னு பாருங்க"ன்னா.

நான் கதவை லேசாத் தொறந்து வாயில வெரலை வெச்சுக் காட்டினேன். "கத்தாதடி, குஞ்சு பொரிச்சிருக்கு, மணி நாக்கைத் துணி சுத்திக் கட்டியிருக்கேன்"ன்னேன்.

அவ என்னை ஒரு மாதிரியாப் பாத்தா. "மதி கடல்ல நிக்கிறான்."

"நிக்கட்டும். செத்த நேரத்துல பனி வெலகிடும். ஒந்தம்பி கண்ணை மூடிக்கிட்டே கரை சேருவான்னு நீங்கதான சொல்லுவீங்க?"

சொல்லிட்டு உள்பக்கமாத் தாழ்ப்பாளைப் போட்டுட்டேன். அவ கதவை இடிச்சா பாருங்க, அம்மாடி. நல்ல குடும்பத்துப் பொம்பள அப்படியா இடிப்பா? பின்னாடி இன்னும் நாலு பொம்பளைங்க சேந்துக்கிட்டாங்க. நான் கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்து, கோவப்படாம, மெதுவாத்தான் சமாதானம் சொன்னேன். ஒரு கெட்ட வார்த்தை என் வாயிலேருந்து வரல. அவங்க போட்ட கூச்சல்ல மேல கூகை அலறிடுச்சு. அதுதான் வெனையாப் போச்சு. கீழ நின்ன கெழவி ஒருத்தி "ஐயோ, சாக்குருவி கத்திட்டுது"ன்னு மாருல அடிச்சுக்கிட்டா.

அப்புறம் என்ன ஆச்சுன்னு பக்கிரிசாமிதான் வந்து சொன்னான். படகை நிறுத்திட்டு ரொம்ப நேரம் மணிக்குக் காது குடுத்துக்கிட்டே இருந்திருக்காங்க. பனிக்கு மணி அடிக்காம இருந்ததே கெடையாதே, அதனால கரை ரொம்பத் தூரம் போலன்னு நெனைச்சிருக்காங்க. செல்லு ஈரமாயி அணைஞ்சு போச்சு. அப்ப ஆலாக் கூட்டம் கத்துற சத்தம் கேட்டிருக்கு. ஆலா தெரியும்ல உங்களுக்கு, வாலு பொளந்த கடல் குருவி. முகத்துவாரத்து மணல் திட்டுலதான் பரம்பரையா அது அடையும். அப்பன் பாட்டன் காலத்துலேருந்து ஆலாச் சத்தம்னா மணல் திட்டு, மணல் திட்டுன்னா கரை. மதி சத்தத்தைப் பாத்து ஓட்டியிருக்கான். ஆனா இப்பதான் வடபக்கம் பாறாங்கல்லைக் கொட்டி தூண்டில் வளைவு போட்டிருக்கானே, ஆலாவெல்லாம் அந்தக் கல்லு மேல குடி மாறிப் போச்சு. நேரா கல்லுல கொண்டுபோய் வுட்டுட்டான். பக்கிரி நீந்திக் கரையேறிட்டான். மதியைக் கல்லு இடுக்குலேருந்துதான் எடுத்தாங்க.

பாத்தீங்களா சார்? பறவையைப் பத்தி அறிவு வேணும்ங்கிறது இதுக்குத்தான். ஆலா எடம் மாறினதை நான் அதுக்கு முன்னாடியே கவனிச்சேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கரைக்காரன்தானேன்னு யாரும் கேக்கல.

எழவு வூட்டுல என்னை யாரும் வான்னு கூப்புடல. மாமன் மச்சான் முறைக்குக் கோடி போடணும்ல, துணியை வாங்கிக்கிட்டுப் போனேன். பவுனு என் கையிலேருந்து வாங்கி அதை மண்ணுல போட்டா. நான் அப்பவே புரிஞ்சுக்கிட்டேன், எல்லாம் அந்தக் கெழவி கெளப்பிவுட்ட பேச்சு. சாக்குருவியை வளக்குறான், அது கத்தித்தான் மதி செத்தான்னு ஊரே நெனைக்குது. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். வாயில்லா ஜீவன் மேல பழி.

வுடுவனா? சங்கத்து சாரைக் கையோட கூட்டியாந்து ஊர்ப் பஞ்சாயத்துல பேச வெச்சேன். திரை கட்டிப் படமெல்லாம் காட்டினாரு. கூகை ஒரு வருஷத்துக்கு எவ்வளவு எலி தின்னும், அதால வெவசாயிக்கு எவ்வளவு லாபம், எல்லாம் அருமையாச் சொன்னாரு. பொம்பளைங்க பாதியிலயே எந்திரிச்சுப் போயிட்டாங்க. பக்கிரிசாமி மட்டும் நின்னு கேட்டான்: "ஆந்தை இருக்கட்டும் சார். மணி எங்க?" அவருக்கு ஒண்ணும் புரியல, என்னைத் திரும்பிப் பாத்தாரு. எனக்கே புரியல. நாம என்ன பேசிக்கிட்டிருக்கோம், இவன் என்ன கேக்குறான்? படிப்பு இல்லாத சனம்.

அப்புறம் ரெண்டு இளவட்டப் பசங்க பூட்டை ஒடைக்க வந்தானுங்க. போலீசுக்குச் சொல்லிட்டேன். பழைய காலத்துக் கட்டடம், கைய வெச்சா கேசு. அதுலேருந்து இரும்புக் கதவு போட்டாச்சு, ஒருத்தனும் கிட்ட வர்றதில்ல. சைரன் வேணும்னு பஞ்சாயத்துல மனு குடுத்திருக்காங்க, வரும்போது வரட்டும். அது வரைக்கும் பனி வந்தா குடம், தாம்பாளம், சோத்துப் பானைன்னு கெடைச்சதைத் தூக்கிக்கிட்டு கரையில நின்னு தட்டுறாங்க. அதோ கேக்குதா? ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு எரிச்சலூட்டணும்னே செய்யுறாங்க சார். அலைச் சத்தத்துக்கு மேல அது எவ்வளவு தூரம் கேட்டுடப் போவுது?

மதி கருமாதி முடிஞ்ச அன்னைக்கே தமயந்தி துணிமணியை எடுத்துக்கிட்டுத் தம்பி வூட்டுக்குப் போயிட்டா. பவுனுக்கும் புள்ளைங்களுக்கும் தொணைன்னா. சரி, கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும்னு வுட்டேன். வரல. ஆடி போச்சு, தீவாளி போச்சு, பொங்கலும் போச்சு. எனக்கு அவ இல்லாம முடியல சார், வெக்கத்தை வுட்டுச் சொல்றேன். ஒத்தை ஆளுக்கு ஒலை வெக்கிறதுக்கு மனசு வரல. தெனம் வேலிக்கு வெளியில நின்னு கூப்புட்டுப் பாக்குறேன். ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவா, வேற பேச்சே கெடையாது. "முடிச்சை அவுத்துட்டு வா, சோறு போடுறேன்." இவ்வளவுதான்.

என்னா புடிவாதம் பாருங்க. புருசனை வுட ஒரு முடிச்சு பெருசாப் போச்சு.

கவியும் அங்கதான் இருக்கான். காலேஜுல சேத்து வுட்டேன், நின்னுட்டான். மாமன் படகை ஒட்டுப்போட்டு எடுத்துக்கிட்டு ரெண்டு வூட்டுக்கும் அவன்தான் சம்பாதிக்கிறான். நல்லவேளை, என்னை மாதிரி வாந்தி எடுக்குறதில்ல, அவங்க வூட்டு ரத்தம். இன்னைக்கும் போயிருக்கான். விடியுறதுக்கு முன்னாடி இந்த ஜன்னல் வழியாத்தான் லைட்டைப் பாத்தேன், போயிக்கிட்டிருந்துச்சு.

என்ன, கூகையா? வரும் சார், அவசரப்படாதீங்க. குஞ்சு ரெண்டும் போன மாசியில பறந்து போச்சு. அப்புறம் ஜோடியும்... கொஞ்ச நாளா கண்ணுல படல. மேல ஏறிப் பாத்தீங்கன்னா மாடம் காலியாத்தான் இருக்கும், அதுக்காகப் போயிடுச்சுன்னு அர்த்தமா? நேத்துகூட சீறல் கேட்டுச்சு. காத்தாவும் இருக்கலாம். திரும்பி வர்ற நேரத்துல மணி அடிச்சா வருமா? அதுக்குத்தான் அவுக்காம வெச்சிருக்கேன்.

நான் கேக்க வந்த ஒத்தாசை இதுதான். கீழ எறங்கினதும் நேரா பவுனு வூட்டுக்கு என் கூட வாங்க. தமயந்திகிட்ட சொல்லுங்க, ஆந்தை கத்தி யாரும் சாவுறதில்லன்னு. நீங்க படிச்சவங்க, கேமரா வெச்சிருக்கீங்க, நீங்க சொன்னா நம்புவா.

பாருங்க, பானைச் சத்தம் கொறைஞ்சுட்டுது. ஒவ்வொரு படகா வந்துட்டுது போல. நான் சொல்லல? செல்லு இருக்கு எல்லாருகிட்டயும். ஒண்ணு நின்னுது... இன்னொண்ணு. ஆங், இப்ப சுத்தமா நின்னுடுச்சு. எல்லாரும் வந்துட்டாங்க.

அது ஒண்ணுமில்ல சார், கயிறு ஆடுது. தமயந்திதான். பனி வந்தா வந்துடுவா. துணி சுத்தியிருக்குன்னு தெரியும், இருந்தாலும் நின்னு இழுப்பா. கைக்குக் கை மாத்தி வுட வேற ஆளு இல்ல, எல்லாரும் வூட்டுக்குப் போயிருப்பாங்க.

கவி... வந்திருப்பான். வழியில மீனை எறக்கிட்டு நின்னிருப்பான். சின்னப் பய, வெளையாட்டுப் புத்தி.

சாவியா? சாவி எதுக்கு சார் உங்களுக்கு? கையை எடுங்க. ஏணியெல்லாம் ஆடும், வுழுந்துடுவீங்க. இல்ல சார், தெரியாமப் பேசுறீங்க. இப்ப போயி அவுத்தா, அன்னைக்குக் கட்டினது தப்புன்னு ஆயிடும்ல? அப்புறம் நான் எந்த மூஞ்சியோட...

ஷ்... உக்காருங்க. கேளுங்க. தொம், தொம்னு எவ்வளவு வேகமா இழுக்குறா, இருந்தாலும் பாருங்க, நான் கட்டின கட்டு அப்படி. இந்த ஜன்னல் விளிம்புல உக்காந்திருக்கு பாருங்க மைனா, அதுகூட அசையல.